கை நனைக்காத எட்டு நாள்

அந்தப் படத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க தம்பி. ஆமா, அந்தப் பனி மலைதான். ஹொக்கைடோதானே? நெனச்சேன். நீங்களும் உங்க ஊட்டுக்காரம்மாவும் போறதா இருக்கறீங்களா? எப்ப, தை மாசமா? போகாதீங்கன்னு சொல்ல நா யாருங்க. ஆனா வண்டி கோயமுத்தூரு போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்குது. கேட்டுப்போட்டு அப்பறம் முடிவு பண்ணிக்கங்க. என்ற பொண்டாட்டியக் கொன்னதே அந்தப் பனிதாங்க.

இந்த வேட்டி கட்டுனவன் அங்கெல்லாம் எங்க போயிருப்பான்னு பாக்கறீங்க. போயிருக்கறனுங்க. எட்டு நாளு. என்ற பேரு நாச்சிமுத்து. கீழ்பவானி வாய்க்கால்ல லஸ்கரா இருந்தவன். மதகத் தொறக்கறது, மூடறது, தண்ணி எத்தனை அடி போவுதுன்னு பாத்து எழுதறது. முப்பத்தி நாலு வருசம் அதுதான் பொழப்பு. நா மதக மூடுனா மூடுனதுதான். பெரிய பெரிய தோட்டக்காரங்க வந்து கெஞ்சுனாலும், மொறை நாளு வராம ஒரு திருகு திருக மாட்டேன். அந்தப் பேரு எனக்கு உண்டு. கவுந்தப்பாடிப் பக்கம் யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

எங்களுக்கு ஒரே பொண்ணு, சுகந்தி. பாலைப் பத்திப் படிச்சுச்சு. ஆமாங்க, அதுக்குன்னே ஒரு படிப்பு இருக்குது. மேல்படிப்புக்கு அந்த ஊருக்குப் போச்சு, அங்கியே சப்போரோங்கற டவுனுல வேலையும் ஆச்சு. அப்பறம் ஒரு நாளு போன்ல, "அப்பா, நா இங்க ஒருத்தரக் கல்யாணம் பண்ணிக்கறேன், அவுரு பேரு நவோயா"ன்னு சொல்லுச்சு. கேக்கலீங்க, சொல்லுச்சு. அன்னிக்கு எங்க ஊட்டுல ஒரம்பரை அத்தனை பேரும் இருந்தாங்க, எங்க அண்ணன் பேரனுக்குக் காது குத்து. அத்தனை பேரு காதுலயும் உளுகற மாதிரி நா சொன்னேன். "பண்ணிக்க அம்மிணி. ஆனா உன்ற ஊட்டுல நானும் உங்கம்மாவும் செத்தாலும் கை நனைக்க மாட்டோம். சோறு மட்டுமில்ல, தண்ணி கூட." சொல்லிப்போட்டு போனை வெச்சுட்டேன்.

மயிலாத்தா அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தா. மயிலாத்தாதான் என்ற பொண்டாட்டி. பந்திக்கு எலை தொடைச்சுக்கிட்டு இருந்தா. நா அவளையும் சேத்தித்தான் சொன்னேன், அவ அடுத்த எலைய எடுத்தா. பேசற ஆளே இல்லீங்க அவ. வேணும்னு வாயத் தொறந்து ஒரு சேலை கேட்டதில்ல.

அப்படி ஆறு வருசம் போச்சுங்க. போன வருசம் ஐப்பசியில ஒரு நாளு, நா வெத்தலை போட்டுக்கிட்டு இருக்கறேன், பக்கத்துல வந்து நின்னா. "ஏனுங்க, புள்ளை ஊட்ட ஒருக்கா பாத்துப்போட்டு வந்துரலாமுங்களா?"ன்னா. கேட்டுப்போட்டு பதிலுக்குக் கூட நிக்காம உள்ள போயிட்டா. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. சரி போலாம்னுட்டேன். ஆனா சொன்ன சொல்லு சொன்னதுதான். தங்கலாம், தூங்கலாம், கை நனைக்கப்படாது. தங்கறதுல என்னங்க தப்பு? ரயிலு ஸ்டேசன்லயுந்தான் தங்கறோம், அதுக்காவ ஸ்டேசன் மாஸ்டருக்கு ஒரம்பரை ஆயிருவமா? "நீயும் அப்படித்தான்"னு மயிலாத்தாகிட்ட பெட்டி கட்டும்போதே கண்டிசனாச் சொல்லிட்டேன். "சரிங்க"ன்னா.

தை கடைசியில போய் எறங்குன அன்னிக்கே பொண்ணு மேசை மேல வட்டலை வெச்சுருச்சு. அரிசியும் பருப்புஞ் சோறு, நெய்யி, பச்சப்புளி ரசம். அந்த ஊருல சின்ன வெங்காயத்துக்கு எங்க போச்சோ. நா நின்னுக்கிட்டே இருந்தேன். பொண்ணு என்னையப் பாத்துச்சு, அவங்கம்மாவப் பாத்துச்சு. "இன்னுமாப்பா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. அப்பறம் ஒரு நிமிசம் ரோசனை பண்ணிப்போட்டு, அத்தனையும் சூடு ஆறாத போசியில போட்டு மூடுச்சு. "கெளம்புங்க, ஊர் சுத்தப் போலாம். என்ற ஊட்டுலதானே கை நனைக்க மாட்டீங்க, வெளிய எங்கியாச்சும் உக்காந்தா அது என்ற ஊடு இல்லையே"ன்னுச்சு. புத்திசாலிப் புள்ளைங்க. அதுல கொறை சொல்ல முடியாது.

அப்படி ஆரம்பிச்சதுதானுங்க. ஏழு நாளும் விடிஞ்சாப் பனிக்குள்ள கெளம்பு. வயசானவங்க வந்திருக்கறாங்களே, ஒரு நாளாச்சும் ஊட்டுல கணப்புக்குப் பக்கத்துல உக்கார வெச்சு நாலு வார்த்தை பேசலாம்னு தோணுச்சா? தோணல. காரை எடு, போசியத் தூக்கு, அங்க போலாம், இங்க போலாம். அதைத்தான் நா எல்லார்த்துகிட்டயும் சொல்றேன்.

பாத்ததெல்லாம் நல்லா இருந்துச்சு, இல்லீங்கல. நீங்க போனா அந்தப் பனித் திருவிழாவப் பாருங்க. நடு டவுனுல பெரிய பார்க்கு, அதுல பனியிலயே அரமனை, பனியிலயே ஆனை உசரத்துக்குப் பொம்மை. பட்டாளத்துக்காரங்க வந்து கட்டறாங்களாம். ஒரு மாசம் கட்டி, ஒரு வாரம் வெச்சிருந்து, அவங்களே மிசினு கொண்டாந்து இடிச்சுப்போடறாங்க. ஏம்மா இடிக்கறாங்கன்னு கேட்டேன். அது பாட்டுக்கு உருகுனா ஆரு மேலயாச்சும் உளுந்துருமுன்னுச்சு பொண்ணு. அந்தப் பொம்மைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் மொத நாளு நா சோறு உண்டேன். அவன் ஒரு மடக்கு மேசையத் தூக்கிக்கிட்டு வந்தான். அவன்னா அந்த நவோயா. நா அவங்கிட்டப் பேசறதில்ல. அவனுக்கு எங்க பேச்சுந் தெரியாது, குனிஞ்சு குனிஞ்சு கும்புடுவான். நம்ம நாட்டுல பெரியவங்க வெளியில உக்காந்துதான் உண்பாங்க போலன்னு அவனா நெனச்சுக்கிட்டானாம். அக்கம்பக்கத்துலயும் அப்படியே சொல்லி வெச்சிருக்கறான், பாவம்.

கையில எடுத்து உங்கறதுதான் செரமம். பனியில சோத்துக்குள்ள கைய வெச்சா அஞ்சு நிமிசத்துல வெரலு மரத்துப் போவும். பொண்ணு கரண்டி குடுத்துச்சு, நா வாங்கல. அதுக்கு அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு தெரியுங்களா? பிளாஸ்க்குல வெந்நி கொண்டாந்து, நாலு வாய்க்கு ஒருக்கா என்ற கையில ஊத்துச்சு. கீழ பனியில ஓட்டை உளுந்துக்கிட்டே போச்சு. நா உண்டு முடிக்கற வரைக்கும் அது குனிஞ்சு நின்னு ஊத்திக்கிட்டே இருந்துச்சு.

மயிலாத்தா சோறு உங்கல. "பசிக்கலீங்க"ன்னா. சரி, ஏரோப்பிளேன்ல வந்த அலுப்புன்னு உட்டுட்டேன்.

மக்யா நாளு, ரெண்டாவது நாளு, ஒடாருன்னு ஒரு ஊரு, கடலோரம். அங்க வாய்க்கால் நெம்பப் பேருபோனதாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. ஒரு மைலு இருக்குமா? அதுக்கு ரெண்டு பக்கமும் பழைய குடோனு, தண்ணி மேல வெளக்கு மெதக்க உட்டிருக்கறாங்க. நின்ன தண்ணிங்க அது. தண்ணின்னா ஓடோணும். எங்க வாய்க்கால் பவானிசாகர்ல இருந்து நூத்தி இருவது மைலுக்கு மேல ஓடுதுன்னு பொண்ணுகிட்டச் சொன்னேன். "தெரியுமுங்கப்பா, நீங்கதான் என்னையத் தோளு மேல வெச்சுக்கிட்டுக் கரையில நடப்பீங்க"ன்னுச்சு. அது சொல்லும்போது நா வேற பக்கம் பாத்துக்கிட்டேன். அங்கயும் மயிலாத்தா ரெண்டு வாய்தான். மீதிய அப்படியே போசியில வெச்சுட்டா.

மூணாவது நாளு எனக்குப் பொறி தட்டுச்சுங்க.

காலையில என்ன நடக்குதுன்னா, நா எந்திரிச்சதும் வெளிய போயிருவேன். தண்ணி கூடக் குடிக்கப்படாதில்ல. தெருவு மொக்குல ஒரு மிசினு நிக்குது. காசு போட்டா சுடச்சுடத் தகர டப்பாவுல டீ உளுகும். மொழங்கால் பனியில அதைப் புடிச்சுக்கிட்டு நின்னு, குடிச்சு முடிச்சு, அவளுக்கும் ஒன்னு வாங்கிக்கிட்டு வர முக்கா மணி நேரம் ஆயிரும். அந்த முக்கா மணி நேரம் ஊட்டுக்குள்ள அம்மாளும் மவளும் தனியா. நா டீய நீட்டுனா, "வேண்டாங்க, வவுறு மந்தமா இருக்குது"ங்கறா. மூணு நாளா மந்தமா? எனக்குத் தெரியாதா? முப்பத்தி நாலு வருசம் தண்ணி திருடறவங்களப் புடிச்சவன் நா. ராத்திரி ஆரு மடையத் தொறந்தாங்கன்னு காலையில வயலைப் பாத்தே சொல்லுவேன். பசிக்கலைன்னா எங்கியோ உள்ள போயிருக்குதுன்னு அர்த்தம். அம்மாளும் மவளும் சேந்துக்கிட்டு, நா அந்தண்டை போனதும் மேசையில உக்காந்து சந்தோசமா உண்டுக்கறாங்க. வெளியில வந்து எனக்கு முன்னால பசிக்கலைன்னு நடிப்பு. ஆறு வருசம் நா காப்பாத்துன சொல்லு அப்படியே போச்சு.

உடனே கேக்கல. பொறுத்துக்கிட்டேன். நாலாவது நாளு ஒரு மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சு. பென்குயினுன்னு ஒரு பறவை, குளுருக் காலத்துல ஒடம்பு பெருத்துருமுன்னு தெனம் நடக்க உடறாங்க. சனம் ரெண்டு பக்கமும் வரிசையா நிக்குது, நடுவுல அதுங்க கைய விரிச்சுக்கிட்டு லொங்கு லொங்குன்னு போவுது. மயிலாத்தா சிரிச்சாளுங்க. வாய மூடிக்கிட்டு, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. "ஏனுங்க, நம்ம பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு குடுக்கப் போறாப்பல இருக்குதுங்க"ன்னா. அவ அப்படிச் சிரிச்சு நா பாத்து நெம்ப நாளு ஆச்சு. எனக்கு என்னமோ கோவந்தான் வந்துச்சு. இங்க வந்து இத்தனை சந்தோசமான்னு.

அஞ்சாவது நாளு ஏரிக்குப் போனோம். ஏரி மொத்தமும் ஒறைஞ்சு கெடக்குது, மேல காரு போவுது. நா காலை வெக்க யோசிச்சேன். தண்ணி மேல நடக்கறதுன்னா எனக்கு எப்படி இருக்கும் பாருங்க. அங்கங்க சின்னச் சின்னக் கூடாரம், உள்ள பனியில ஒரு சாண் ஓட்டை போட்டு, அதுல தூண்டிலை உட்டு வெரலு நீளத்துக்கு மீனு புடிக்கறாங்க. பொண்ணு புளிசோறு கட்டியாந்திருந்துச்சு, மயிலாத்தாளுக்குப் புடிச்ச மாதிரி. வட்டலை நீட்டுச்சு. மயிலாத்தா, "அப்பறம் உங்கறேன் கண்ணு"ன்னா.

எனக்குப் பொறுக்கல. அவளத் தனியாக் கூப்புட்டு, "காலையில உள்ள நல்லா மொக்கிப்போட்டு வந்து இங்க பசிக்கலைன்னு நடிக்கறயா?"ன்னு கேட்டுட்டேன்.

என்னையப் பாத்தா தம்பி. அப்பறம் போய் மவ கையில இருந்து வட்டலை வாங்கி, மளமளன்னு அத்தனையும் உண்டா. எனக்கு முன்னாலயே நின்னு உண்டா. உண்டுபோட்டு கூடாரத்துக்குப் பின்னால போனா. நா போய்ப் பாத்தா குனிஞ்சு வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கறா. என்னையப் பாத்ததும் பூட்ஸ் காலால பனியத் தள்ளி மூடுனா. "அப்படித்தான். ரெண்டு பங்கு தின்னா வவுறு எங்க தாங்கும்"னேன் நா.

ஆமாங்க, சொன்னேன். அப்பறம் ரெண்டு நாளு அவகிட்டப் பேசல. கந்தகம் கொதிக்கற பள்ளத்தாக்கு ஒன்னுக்கும் போனோம், பேரே நரகப் பள்ளத்தாக்காம். போனேன், பாத்தேன், வந்தேன். அங்க என்ன இருந்துச்சுன்னு கேட்டாச் சொல்லத் தெரியாது.

கடைசி நாளு புயலுங்க. பனிப் புயல். ஜன்னல்ல பாத்தா எதுத்த ஊடு தெரியல, ரோடு தெரியல. ஆரும் வெளிய வரப்படாதுன்னு டி.வி.யில சொல்லிக்கிட்டே இருக்கறாங்க. வேற வழி இல்லாம ஊட்டுல இருந்தோம். பொண்ணு காலையில இருந்து அடுப்படியில என்னமோ செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பாத்தாச் சந்தவை, நீங்க இடியாப்பம்பீங்களே, அதாட்ட. அங்க சந்தவைப் பலகைக்கு எங்கீங்க போறது, சின்ன அச்சுல நாலு நாலாப் புழிஞ்சு, தேங்காப்பாலு காய்ச்சி, கை வலிக்க வலிக்கச் செஞ்சு மேசை மேல வெச்சுச்சு. நாலு வட்டல். ஒரு வார்த்தை கூப்புடல. வெச்சுப்போட்டு செவுத்தோரம் நின்னுக்கிச்சு.

அப்பத்தான் மயிலாத்தா எங்கிட்ட வந்தா. சேலைத் தலைப்பைப் போத்திக்கிட்டு, மொத மொத ஊட்டைப் பாக்கோணும்னு கேட்டாளே, அதே மாதிரி நின்னா. "ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாளு நா உள்ள உக்காந்து புள்ளை கையால ரெண்டு வாய் உண்டுக்கட்டுங்களா? நீங்க வேண்டாம். நா மட்டும்"னா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஏழு நாளா எனக்குத் தெரியாம உண்டவ, இன்னிக்கு மரியாதை தெரிஞ்சவளாட்ட வந்து கேக்கறா. "தெனமுந்தான் உங்கறயே, இன்னிக்கு என்ன புதுசா உத்தரவு? உண்டுக்க போ"ன்னேன்.

அவ போய் மேசையில உக்காந்தா. நா வாசக் கதவைத் தொறந்துக்கிட்டு வெளிய போயிட்டேன். பொண்ணு ஓடியாந்து ஒரு நாற்காலி போட்டுச்சு, வட்டலைக் கொண்டாந்து கையில குடுத்துச்சு. காத்துல பனி வந்து சந்தவை மேல உளுகுது. தேங்காப்பாலு ஒறைஞ்சே போச்சு. அந்தப் பையன் ஒரு கொடையத் தூக்கிக்கிட்டு வந்து, நா உண்டு முடிக்கற வரைக்கும் என்ற தலை மேல புடிச்சுக்கிட்டு நின்னான். அவன் தலையெல்லாம் பனி. உள்ள வந்து பாக்கறேன், மயிலாத்தா வட்டலுக்கு முன்னால உக்காந்துக்கிட்டே இருக்கறா, வெச்சது வெச்சபடி இருக்குது. அதைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறா, வாயில வெக்கல. "ஏன், உங்கறதுதானே"ன்னேன். "இல்லீங்க, போதும்"னா. பொண்ணு முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு. நா சொன்னதுல கோவிச்சுக்கிட்டாங்கன்னு நெனச்சேன்.

ஊருக்கு வந்து ரெண்டு மாசத்துல ஆளு பாதியா எளைச்சுட்டா. சித்திரையில கோயமுத்தூரு கூட்டிக்கிட்டுப் போனேன். வவுத்துல கட்டின்னாங்க. டாக்டரம்மா, "எப்ப இருந்து சாப்பாடு எறங்கல?"ன்னு எங்கிட்ட கேட்டாங்க. நா, "ஜப்பான்ல இருந்து வந்ததுல இருந்துங்க, அங்க பனி ஒத்துக்கல"ன்னேன். மயிலாத்தா கட்டல்ல படுத்துக்கிட்டு என்னையே பாத்தா. ஒரம்பரைகிட்டயெல்லாம் அதையேதான் சொன்னேன், அந்தப் பனியில புள்ளை அவங்கம்மாள இழுத்துக்கிட்டுத் திரிஞ்சுதான் இப்படி ஆச்சுன்னு. ஆடி பொறந்து ஒம்பதாம் நாளு போயிட்டா.

பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தாங்க. கருமாதி அன்னிக்கு எலை போட்டு, அவளுக்குப் புடிச்சதெல்லாம் படைக்கறாங்க. பொண்ணு சந்தவை வெச்சுச்சு. வெச்சுப்போட்டு எலையப் பாத்துக்கிட்டே, "என்ற ஊட்டுல எட்டு நாளு இருந்தாங்கப்பா. ஒரு வாய் கூட உங்கல"ன்னுச்சு.

"பொய் சொல்லாத அம்மிணி"ன்னேன். "நா மிசினுக்குப் போனதும் தெனமும் காலையில உங்கம்மா உண்டா."

"இல்லீங்கப்பா. ஒரு நாளு கூட இல்ல. நா கெஞ்சுவேன். 'உங்கப்பா குளுருல நிக்கறாரு, அவருக்குத் தெரியாம நா உண்டா எப்படி கண்ணு'ம்பாங்க. வவுறு வலிக்குது, மாத்திரை போடோணும், வெந்நி மட்டும் குடுன்னு கேப்பாங்க. நா தம்ளர்ல குடுத்தா, அதைப் பின்கதவு வழியா வெளிய எடுத்துக்கிட்டுப் போய், பனியில நின்னுதான் குடிப்பாங்க. வெறும் வெந்நிங்கப்பா."

எனக்குக் கையே ஓங்கிருச்சுங்க. அத்தனை பேரு முன்னால. பொய்யி, பொய்யின்னு கத்துனேன். பொண்ணு நவுரல. மெதுவாக் கேட்டுச்சு.

"கடைசி நாளு உங்ககிட்ட வந்து கேட்டாங்களேப்பா. தெனம் உண்டவங்க எதுக்குங்கப்பா கேக்கறாங்க?"

அவ்வளவுதான் தம்பி. என்ற கை அப்படியே நின்னுச்சு. மாப்பிள்ளைதான் வந்து என்னையப் புடிச்சு உக்கார வெச்சாரு.

இப்பெல்லாம் வாரத்துக்கு ரெண்டுதரம் மாப்பிள்ளையே போன் பண்றாரு. எங்க பேச்சு நாலு வார்த்தை கத்துக்கிட்டிருக்கறாரு. "மாமா, வாங்க. ஊட்டுக்குள்ள சாப்புடுங்க"ங்கறாரு. பொண்ணு வாங்கிப் பேசுது. "நீங்களாச்சும் வந்து ஒரு வாய் உண்ணுங்கப்பா, எனக்கு அது போதும்"னு அழுவுது. எனக்குக் கோவமெல்லாம் ஒன்னுமில்லீங்க இப்ப. அந்தச் சொல்லை அன்னிக்கே உட்டுட்டேன். ஆனா அவ ஒரு தம்ளர் வெந்நி குடிக்காத ஊட்டுல, நா போய் உக்காந்து எப்படிங்க கை நனைப்பேன்?